வைரஸ் காட்டிக்கொடுத்த என் பிழை

2021ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில், கொழும்பு வெள்ளவத்தையில் இது நடந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். என் கணவருக்கு அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொற்கள்தான் மிஞ்சின.

அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் மூலம் வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கொச்சிக்கடையில் வீடு. அவருடைய கணவருக்குத் துறைமுகத்தில் சாமான் இறக்குகிற வேலை. காலையில் புறக்கோட்டை வந்து பஸ் மாறி, எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் நிற்பார். கொரோனா தொடங்கியதிலிருந்து, வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எங்கள் தொடர்மாடிக் குழு ஒரு விதி போட்டிருந்தது. ஐந்து மாடியையும் படியால் ஏறி வந்து, ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் மணியை அடிப்பார். நானும் அந்த விதியைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருடப் பிறப்புக்கு என் தம்பி குடும்பம் வான் ஒன்றைப் பிடித்து மலைநாட்டு நுவரெலியா போவதாக இருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று வருடமாக நான் வீட்டை விட்டு ஒரு இரவும் வெளியில் தங்கியதில்லை. ஆசை இருந்தது, கேட்கத்தான் கூச்சம். அக்காவே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"போயிட்டு வாங்க மிஸ். நாலு நாள்தானே. நான் இங்கேயே தங்கிச் சேரைப் பாத்துக்குறேன்."

போனேன். குளிரும், சனமும், குதிரைச் சவாரியும், ஒரே கொண்டாட்டம். முகக்கவசம் நாடியில் கிடந்தது. திரும்பி வரும்போது வான் நிறைய லீக்ஸ், கரட், ஸ்ட்ரோபெரி. வந்த அன்று மாலையே தொண்டை கரகரத்தது. மலைக்குளிர் பிடித்திருக்கிறது என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, அடுத்த நாள் காலை மரக்கறியைப் பைகளில் போட்டுக்கொண்டு தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கப் போனேன். இரண்டாம் மாடியில் தொடர்மாடிக் குழுவின் செயலாளர் வீடு. நாலாம் மாடியில் வங்கியில் வேலை செய்கிற ஒருவரின் குடும்பம். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் அங்கிளும் அன்ரியும். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் கனடாவில். அங்கிள் நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்துக் கதைகளைத் தொடங்கிவிட்டார். ஏசி போட்ட அறையில் ஒரு மணித்தியாலம் இருந்து தேத்தண்ணீர் குடித்து, சிரித்துக் கதைத்துவிட்டு வந்தேன். இடையில் இரண்டு தரம் இருமியதும் நினைவிருக்கிறது.

ஒரு கிழமைக்குள் அங்கிளுக்குக் காய்ச்சல். பிறகு அன்ரிக்கு, செயலாளர் வீட்டில் மூன்று பேருக்கு, வங்கிக்காரர் வீட்டில் இரண்டு பேருக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எல்லாருக்கும் பி.சி.ஆர். எடுப்பித்தார். எனக்கும் தொற்று உறுதியானது. என் கணவருக்கு இல்லை, அக்காவுக்கும் அப்போது இல்லை.

என்னைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோக வாகனம் வந்து நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் கணவரை யார் பார்ப்பது? தம்பி வீட்டிலும் எல்லாருக்கும் காய்ச்சல். எங்கள் வீட்டைப் பதினான்கு நாள் மூடப்போகிறார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. அக்கா நினைத்திருந்தால் அந்த நிமிஷமே கொச்சிக்கடைக்குப் போயிருக்கலாம். நான் கேட்கும் வரை அவர் காத்திருக்கவில்லை.

"நீங்க போங்க மிஸ்," என்றார். "சேர் என்னத்த செய்வாரு தனியா? எங்க வீட்டுக்காரருக்கு போன்ல சொல்லிட்டேன்."

பத்து நாட்கள் அந்த வீட்டுக்குள் அவர் தனியாக என் கணவரைப் பார்த்தார். இரண்டு முகக்கவசத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சோறு ஊட்டினார். பல்கனிக் கதவையும் யன்னல்களையும் பகல் முழுக்கத் திறந்துவைத்துக் கடற்காற்றை வீட்டுக்குள் விட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார். ஐந்தாம் நாள் தனக்கு மேல் காய்ந்து காய்ச்சல் கண்டபோது ஒளிக்காமல், தானே பரிசோதகருக்கு போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். "இந்தக் காய்ச்சல் வருத்தம் சேருக்குத் தொத்திடக் கூடாது. அதனால சாப்பாடு குடுத்த உடனே பல்கனியில போய் இருந்துக்குறேன்," என்று அவர் சொன்னதாகப் பரிசோதகர்தான் பிறகு எனக்குச் சொன்னார். சிகிச்சை நிலையத்தில் இடமில்லாததால் அவரை உடனே கொண்டுபோக முடியவில்லை.

நான் சுகமாகி வீடு வந்த அடுத்த நாள் அக்காவின் முடிவு வந்தது. தொற்று உறுதி. என் கணவருக்கு மூன்றாம் தடவையும் இல்லை.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் மூன்றாம் மாடி அங்கிள் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அன்ரி அப்போதுதான் சிகிச்சை முடிந்து வந்திருந்தார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. கட்டடம் முழுவதும் துக்கமும் கோபமுமாக இருந்தது. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அக்காவை ஏற்றிப்போக வாகனம் வந்தபோது ஒவ்வொரு பல்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். உடுப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஏறுவதை யாரோ வீடியோ எடுத்தார்கள். "வெள்ளவத்தைக்கு நோய் கொண்டுவந்தவ" என்ற எழுத்தோடு அது வாட்ஸ்அப்பில் சுற்றி, கொச்சிக்கடையில் அவருடைய ஒழுங்கைக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு செயலாளர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவரும் அப்போதுதான் நோயிலிருந்து எழும்பியவர், முகம் வற்றிப்போயிருந்தது. நோயை மறைத்து வேலைக்கு வந்து ஓர் உயிரிழப்புக்குக் காரணமான பெண்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சுகாதார அதிகாரிக்கு எழுதிய முறைப்பாடு அது.

"போன ஐப்பசியில அவவின்ட ஒழுங்கையே பூட்டிக் கிடந்தது, ரீச்சர். அப்ப வந்தது உடம்பில இருந்திருக்கு. குறி ஒண்டும் காட்டாமல் காவித் திரிஞ்சிருக்கிறா. உங்கட வீட்டுக்கு வாறவ எண்டபடியால் நீங்களும் கட்டாயம் கையெழுத்து வைக்கோணும்."

நுவரெலியாவிலிருந்து வந்த அன்றைய தொண்டைக் கரகரப்பு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அங்கிளின் சாவு என் வாசலில் வந்து நிற்கும் என்று தெரிந்தது. கட்டிலில் இருந்த என் கணவர், "இல்லை, இல்லை" என்றார். இடக்கையால் கட்டில் சட்டத்தில் தட்டினார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமாக்கும் என்று செயலாளருக்குச் சொல்லிவிட்டு, நான் கையெழுத்து வைத்தேன்.

அவர் கேட்டது தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து மூன்று நாட்கள், நான் ஊட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பரிசோதகர் ஒரு சிங்களவர், நடுவயதுக்காரர். வெள்ளவத்தையில் கன காலம் வேலை செய்து தமிழ் பழகியவர். முறைப்பாடு கிடைத்ததும் கையெழுத்து வைத்த எங்களையெல்லாம் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் தள்ளித் தள்ளி நிற்கவைத்துக் கதைத்தார்.

"இந்தக் கடிதத்தை நான் மேல அனுப்பினா பொலிசுக்கும் போகும். அந்த அம்மாதான் கொண்டுவந்தது எண்டு யாரு கண்டது?"

கடிதத்தை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார்.

"சரி. உங்க எல்லாரோட சாம்பிளும் இன்னும் குளிர்ப்பெட்டியில இருக்கு. வைரசை எழுத்து எழுத்தா வாசிக்கிற ஒரு இடம் இருக்கு. அவங்களுக்கு அனுப்புறேன். அது வரைக்கும் இந்தக் கடிதம் என்ட மேசையில இருக்கட்டும்."

வருடப் பிறப்புக்குப் பிறகு நாட்டில் ஒரு புது வகை வைரஸ் பரவத் தொடங்கியிருந்தது. எங்கள் கட்டடத்தைப் போல ஒரே இடத்தில் பலருக்கு வந்தால், அந்த மாதிரிகளை அந்த ஆய்வுகூடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததாம். செயலாளர் சந்தோஷமாகத் தலையாட்டினார். விஞ்ஞானபூர்வமாகவே நிரூபிக்கட்டும் என்றார். நான் படியேறிப் போனேன்.

பயணத் தடை வந்தது, போனது. என் கணவரைத் தனியாகத் தூக்கி இறக்கி என் இடுப்பு விட்டுப்போனது. அக்காவுக்குப் போன் எடுக்க இரண்டு மூன்று தரம் இலக்கத்தை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவர் குணமாகி வீடு போய்விட்டார் என்பது மட்டும் தெரியும்.

ஆடி மாதம் ஒரு பகல், பிள்ளைகளுக்கு ஸூமில் பாடம் முடித்து எழும்பியபோது ஓர் அழைப்பு. ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண் மருத்துவர். திருகோணமலைக்காரர் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் கட்டட மாதிரிகளின் முடிவு வந்திருப்பதாகவும், அதை விளங்கிக்கொள்ளச் சில விபரங்கள் தேவைப்படுவதாகவும் சொன்னார். போனிலேயே கதைத்திருக்கலாம். என் கணவருக்கு முன்னால் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்ரியை ஒரு மணித்தியாலம் இவருக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, ஆய்வுகூடம் இருந்த பொரளைக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். போகிற வழியில்தான், அங்கிளை இழந்த அன்ரியையே என் கணவருக்குத் துணையாக இருத்திவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, பல நாள் நித்திரை இல்லாத முகம். கணினித் திரையில் நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி வரிசையாக ஓடின. ஒவ்வொரு வரியும் ஒருவருடைய உடம்பில் இருந்த வைரஸ். பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.

நான் கணித ஆசிரியை என்று பரிசோதகர் சொல்லியிருந்தாராம். அதனால் அவர் அந்த வழியிலேயே தொடங்கினார். வைரஸ் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போய்ப் பெருகும்போது தன்னைத் தானே பார்த்து எழுதிக்கொள்கிறது. எப்போதாவது ஓரெழுத்துப் பிழைத்துவிடும். அந்தப் பிழையோடுதான் அடுத்தவருக்குப் போகும்.

"வகுப்பில பிள்ளைகள் ஒராளின்ட கொப்பியை மற்றாள் பார்த்து எழுதினால் எப்பிடிப் பிடிப்பீங்கள், ரீச்சர்?"

"சரியான விடையை வைச்சுப் பிடிக்கேலாது," என்றேன். "பிழையை வைச்சுத்தான். ரெண்டு பேரின்ட கணக்கில ஒரே இடத்தில ஒரே பிழை இருந்தால், ஒராளைப் பார்த்து மற்றாள் எழுதியிருக்கு."

"ஆர் ஆரைப் பார்த்து எண்டு?"

"ஒராளின்ட பிழை எல்லாம் மற்றாளிட்டையும் இருந்து, அதுக்கு மேல இன்னொண்டும் இருந்தால், கூடப் பிழை இருக்கிறவர்தான் பிறகு எழுதினவர்."

அவர் திரையில் ஒரு வரியில் விரலை வைத்தார். அது என்னுடையது. கட்டடத்தில் உள்ள மற்றவர்களுடையதும் அதே போல, ஒரே பிழைகளோடு இருந்தன. எல்லாம் அந்தப் புது வகை. கடைசி வரியைக் காட்டுவதற்கு முன்னர், இது உங்கள் வீட்டில் வேலை செய்தவருடையது, காட்டச் சொல்லி அவரே அனுமதி தந்திருக்கிறார் என்றார். பரிசோதகர் போய்க் கேட்டபோது, "எல்லாருக்கும் காட்டுங்க சேர்" என்றாராம் அக்கா.

அந்த வரியிலும் என் வரியில் இருந்த பிழைகள் அத்தனையும் இருந்தன. அதற்கு மேல் இன்னொரு பிழையும் இருந்தது. அது எங்களில் வேறு ஒருவரிடமும் இல்லை.

நான் சொன்ன விதியை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் மிகக் கவனமாகத்தான் கதைத்தார். இதை மட்டும் வைத்து இன்னார் இன்னாருக்குக் கொடுத்தார் என்று அடித்துச் சொல்லக்கூடாது, இடையில் வேறு ஒருவர் இருந்திருக்கலாம் என்றார். ஆனால் போன வருடத்துப் பழைய தொற்றை அக்கா காவி வந்தார் என்ற கதைக்கு இடமே இல்லை. போன வருடம் கொழும்பில் இருந்த வகை வேறு. இந்தக் கட்டடத்து நோய் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கியதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை, சங்கிலியின் கடைசி முனையில்தான் அவர் நிற்கிறார் என்றார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, கட்டடத்தில் முதலில் குறி தெரிந்தது யாருக்கு என்று கேட்டார். படிவத்தில் மூன்றாம் மாடி அங்கிளின் பெயர்தான் இருந்தது.

அப்போதும் நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் என்னை ஒன்றும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகளுக்கு முன்னால் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. நுவரெலியாவையும், தொண்டைக் கரகரப்பையும், மரக்கறிப் பையோடு மூன்று வீடு ஏறி இறங்கியதையும் சொன்னேன். அந்த மூன்று வீடுகளில்தான் நோய் வந்தது. அக்கா அந்த வீடுகளின் படியைக்கூட மிதித்ததில்லை. சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு, "இதைச் சொன்னதுக்கு நன்றி ரீச்சர்," என்றார். "இதில ஆரையும் தண்டிக்கிறதுக்கு நாங்கள் தேடயில்லை. எப்பிடி வந்தது எண்டு தெரிஞ்சால்தான் அடுத்த கட்டடத்தில மறிக்கலாம். நீங்கள் வேணுமெண்டு செய்யயில்லை. ஆனா அந்த அம்மாவுக்கு என்ன செய்யலாம் எண்டு நீங்கள்தான் யோசிக்கோணும்."

அந்தச் சொல்லுக்காக அவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்லி என்னை அனுப்பியிருந்தால், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அன்ரிக்குச் சொன்னேன். என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவரும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். அன்ரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"வருத்தம் எண்டு தெரிஞ்சே வந்தனீர்?"

"தொண்டை கரகரத்தது, அன்ரி. குளிருக்கு வந்த தடிமனாக்கும் எண்டு நினைச்சன். நினைக்க விரும்பினன் எண்டுதான் சொல்லோணும்."

"இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் எண்டு சொன்னது நாங்கள்தானே," என்றார். பிறகு எழும்பிக் கீழே போய்விட்டார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஒருநாள் காலை போன் அடித்தது. "மரக்கறி லொறி வந்து நிக்குது. கத்தரிக்காய் நல்லம். இறங்கி வாரும்." அவ்வளவுதான். நான் போனைப் பிடித்தபடி குசினியில் நின்று விம்மினேன்.

அன்ரிக்குச் சொன்ன அன்றிரவு என் கணவர் தன் இடக்கையை என் தலையில் வைத்தார்.

அந்த வார இறுதியில் குழுக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். பரிசோதகரும் வந்து ஆய்வுகூட முடிவை விளக்கினார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர், உங்களால்தானே என் பிள்ளை ஒரு மாதம் இருமியது என்று கேட்டார். கேட்க வேண்டியதுதான். கூட்டம் முடிவதற்கு முன்னரே செயலாளர், முறைப்பாட்டை வாபஸ் பெறும் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்து, என்னிடம் நீட்டினார். லிஃப்ட் பற்றிய விதியையும் அன்றே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் நான் கொச்சிக்கடைக்குப் போனேன். அந்தோனியார் கோயிலைத் தாண்டி, துறைமுகத்து லொறிகள் வரிசையாக நிற்கும் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை. வீடு சின்னது, வாசலில் திரைச்சேலை. அக்கா என்னைக் கண்டதும் திடுக்கிடவில்லை. "உள்ள வாங்க மிஸ்," என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

வீடியோ வந்த பிறகு அந்த ஒழுங்கையில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லையாம். அவருடைய கணவரை ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்கு எடுக்கவில்லை. ஆள் அனுப்பும் நிறுவனம் அவருடைய பெயரை வெட்டிவிட்டது. இதையெல்லாம் முறையிடுவதுபோலச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார்.

"அக்கா, அந்தக் கடிதத்தில நானும் கையெழுத்து வைச்சனான்," என்றேன்.

"தெரியும் மிஸ். விசாரிக்க வந்தப்ப அந்தப் பரிசோதகர் சேர் காட்டினாரு. உங்க பேர் மூணாவது. வருத்தம் வந்து கெடந்தப்ப நான் அழயில்ல. ஜனங்க ஏசினப்பவும் அழயில்ல. உங்க எழுத்தைப் பாத்த அண்டுதான் அழுதேன். சேரோட மருந்துக் கொப்பியில நீங்க எழுதி வைப்பீங்களே, எத்தின மணிக்கு மருந்துன்னு. அதே எழுத்து."

நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மன்னிப்பெல்லாம் அந்தோனியாரோட கதைச்சு முடிச்சிட்டேன் மிஸ். எனக்கு அது வேணாம். ஏஜென்சிக்குக் காட்ட ஒரு கடிதம் வேணும். நான் வருத்தத்த மறைச்சு வேலைக்கு வந்தவ இல்லைன்னு, கையெழுத்துப் போட்டு, சீல் அடிச்சு."

பிறகு உடனேயே, "சேருக்குத் தண்ணிய கப்புல குடுக்குறீங்களா, கரண்டியிலயா? கப்புல குடுத்தா புரையேறிடும், பாத்துக்கங்க," என்றார்.

பரிசோதகரும் மருத்துவரும் ஆளுக்கொரு கடிதம் தந்தார்கள். செயலாளரின் வாபஸ் கடிதத்தையும் சேர்த்துக்கொண்டு, அக்காவோடு அந்த நிறுவனத்துக்கு நானும் போனேன். அங்கிருந்த பெண் கடிதங்களைப் புரட்டிவிட்டு, சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். இவர் என் வீட்டில் என்ன செய்தார் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். யாரால் அவருக்கு நோய் வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். அன்று பின்னேரமே அக்காவின் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வெளியில் வந்ததும் அவர் அந்தக் கடிதங்களின் பிரதிகளை நாலாக மடிக்கப் போய், பிறகு மடிக்காமல் அப்படியே பையில் நேராக வைத்துக்கொண்டார். ஒழுங்கையில் காட்ட வேண்டும் என்றார்.

எங்கள் வீட்டுக்குத் திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும் மிஸ்," என்றார். நியாயம்தான். தெகிவளையில் ஒரு வீட்டுக்குப் போனார். அடுத்த தைப்பொங்கலுக்குச் சற்று முன்னர், தானாகவே போன் எடுத்து, "சேர் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வாசல் மணி அடித்தது. கட்டிலில் இருந்த என் கணவர் குரலைக் கேட்டதும் "ஓம், ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போதும் அவர்தான் வருகிறார். இப்போது என்னை மிஸ் என்று கூப்பிடுவது குறைந்து, பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். அந்த மருத்துவருக்கு ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் ஒரு வாழ்த்து அனுப்புவேன். எங்கோ டெங்கு, எங்கோ சின்னமுத்து என்று வேலை ஓய்வதில்லை என்பார். பரிசோதகர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார்.

ஒரு பரிசோதகர் அந்தக் கடிதத்தைத் தன் மேசையில் நிறுத்திவைத்தார். நித்திரையில்லாத ஒரு பெண் அந்த எழுத்துகளைப் பொறுமையாக வாசித்தார். ஒரு வாழ்க்கையை நாசமாக்கிவிட்டு அதை நியாயம் என்று நம்பியபடியே கிழவியாகியிருக்க வேண்டிய என்னை அவர்கள் இருவரும் காப்பாற்றினார்கள். என் கணவரைக் காப்பாற்றியவர் இதோ குசினியில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறார். நன்றி என்ற ஒரு சொல்லை இந்த மூன்று பேருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.